ஒரு சுற்றுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

போன வாரம் வேலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண், போளூர் தாண்டியதும் கைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து நகத்துக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள். பஸ் குலுங்கக் குலுங்க, ஒரு விரலும் தப்பாமல். இனிப்பும் எரிச்சலுமாக மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற வாசனை. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். மூடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்லது.

என் மனைவியின் விரல்களில் அந்த வாசனை இருக்கும். அவள் நகத்துக்குச் சாயம் பூசியதே இல்லை. தேரடித் தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தாள். காலையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, பகலில் வெளி வேலை. வெளி வேலை என்றால் பெரும்பாலும் ஸ்டென்சில் அடிப்பது. மெழுகு பூசிய அந்தத் தாளில் எழுத்து பதியாது, வெட்டும்; அந்த வெட்டு வழியே மை இறங்கிப் பிரதிகள் விழும். தப்பாக வெட்டிவிட்டால் அதே வாசனையுள்ள சிவப்புத் திரவம் ஒன்றைக் குச்சியால் தொட்டு ஓட்டையை அடைத்து, ஊதி ஊதிக் காயவைத்து, மேலே சரியான எழுத்தை அடிக்க வேண்டும். உதட்டைக் குவித்து அவள் ஊதும்போது, சூடான எதையோ யாருக்கோ ஆற்றிக்கொடுப்பது போலிருக்கும்.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாண வாழ்த்து, இரங்கல் பா, வரவேற்பு மடல் எல்லாம் எழுதிக் கொடுப்பதால் ஊரில் கவிஞரே என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேர் கிண்டலுக்கு.

ஒரு தை மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிரசவ விடுதியில் பஞ்சில் சுற்றி, குண்டு பல்பு ஒன்றைத் தாழ்வாக இழுத்துக் கட்டி, அதன் வெளிச்சத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். அழுதாளா என்றால் அழுதாள். அடுத்த அறைக்குக் கேட்காத அழுகை. நர்ஸம்மா என்னை வெளியே கூப்பிட்டார்.

"இந்தக் கொழந்தைக்குக் கண்ணாடிப் பொட்டி வேணும்ங்க. உள்ள சூடு ஒரே மாதிரி இருக்கும். இங்க இல்ல. வேலூர்ல இருக்குது. யோசிக்காதீங்க, இப்பவே கெளம்புங்க."

வாடகை வேன் ஒன்று கிடைத்தது. நர்ஸம்மா தன் வீட்டுப் போர்வையைக் கொடுத்தனுப்பினார். குறை சொல்ல எனக்கு அங்கே யாருமில்லை. வர வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் என் மனைவி பிரசவித்த உடம்போடு எழுந்து வந்து, குழந்தையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. கண்ணமங்கலம் வருவதற்கு முன்னாலேயே, டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. இனி வேகமா போக வேணாம்."

இரண்டு மாதம் அவள் அதிகம் பேசவில்லை. வேலைக்கு மட்டும் போனாள். மார்ச் வந்தது. வருஷா வருஷம் அந்த மாதத்தில் ஊர் நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டம் ஸ்டென்சிலுக்கு வரும். தெரு விளக்கு, குடிதண்ணீருக்குப் போடுகிற பவுடர், துடைப்பம், நாய் பிடிக்கிறவர் கூலி, பள்ளிக்கூடத்து ஓடு, பிரசவ விடுதிக்குப் பஞ்சு. ஓர் ஊர் ஒரு வருஷம் உயிரோடு இருக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் வரிவரியாக அவள் விரல் வழியே போகும். கடைசித் தாளில் அடிக்கோடிட்ட ஒரே ஒரு தொகை. அதுதான் எங்கள் ஊர்.

அதே வாரம் அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்த பத்திரிகை ஒன்றில் பம்பாய்ச் செல்வந்தர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தது. மில்கள், கப்பல்கள், நூறு கோடி ரூபாய்ச் சொத்து. அவள் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் படித்தாள்.

"ஏங்க, நூறு கோடிக்கு எத்தினி சைபர்?"

"ஒம்போது."

காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சில் ஓடியது. ரசம் பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை, நான்தான் இறக்கி வைத்தேன்.

"நம்ம ஊர அவரு ஒருத்தரே எரநூறு வருஷம் நடத்தலாங்க."

"முழு ஊரையுமா?"

"வெளக்கு, தண்ணி, குப்ப, பள்ளிக்கூடம், எல்லாம். யார்கிட்டயும் ஒத்தப் பைசா வரி வாங்காம. அசலத் தொடாம வட்டிய மட்டும் எடுத்தாக்கா, ஒரு வருஷத்து வட்டியில இருபது வருஷம் நடத்தலாம்."

"அப்ப அவரையே சேர்மனா போட்டுடலாம்."

சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கே போகிற கணக்கு என்று நான் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து அச்சகத்தின் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி, அந்தச் செல்வந்தர் பேர் வந்த பக்கங்களையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பூ வாங்கி வருகிற மாதிரி.

பிறகு சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு அவளே கடிதம் டைப் செய்து போட்டாள். தடித்த உறையில் பதில் வந்தது. பளபளப்பான தாளில் கண்ணாடிப் பெட்டியின் படம், கீழே விலை. அன்றிலிருந்து ரூபாய் என்ற சொல் எங்கள் வீட்டில் கம்மியாகிவிட்டது. எல்லாவற்றையும் பெட்டியால் அளந்தாள். அந்தச் செல்வந்தர் ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், வட்டியில் மட்டும் இரண்டு பெட்டி. அவர் மகள் கல்யாணப் பந்தலுக்கு ஆன செலவில், வட ஆற்காடு ஜில்லாவிலுள்ள பிரசவ விடுதி ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்து மிச்சமும் இருக்கும். திட்டுகிற குரலில் சொல்லமாட்டாள். பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்க்கிற மாதிரி, பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்வாள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கும் கூட்டம் கம்மி, பாதையில் நம் காலடி நமக்கே கேட்கும். எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுக்கொண்டே நடக்க நாலு மணி நேரம். யம லிங்கத்துக்கு முன்னால் கும்பிட்டு நிமிர்ந்தவள், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இப்ப கால் பொட்டி ஆயிருக்கும்."

"என்னது?"

"நாம ஒரு சுத்து சுத்தி முடிக்கிறதுக்குள்ள அவருக்கு வர்ற வட்டியில ஒரு பொட்டி வாங்கிடலாங்க. நேத்து போட்டுப் பாத்தேன்."

அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். பாதி தாண்டியாச்சு என்றாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர், எதில் பாதி என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையாட்டினார்.

"அவரு துட்டுல என் கடைய எத்தினி வருஷம்மா ஓட்டலாம்?"

அவள் அவரிடம் பால் கணக்கு, சர்க்கரைக் கணக்கு, விறகு எல்லாம் கேட்டு, விரலை மடக்கி, லட்சம் வருஷத்தைத் தாண்டும் என்றாள்.

"அய்யய்ய, வேணாம். அவ்ளோ வருஷத்துக்கு யாரு எழுந்து பால் கறக்கறது? என் மாடு இப்பவே ஒதைக்குது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறியபோது கடைக்காரர் எழுந்து கிளாஸ்களோடு உள்ளே போய்விட்டார். குபேர லிங்கத்துக்கு வந்ததும் எல்லோரும் காசு போடுவார்கள். அவள் என் சட்டைப் பையில் கைவிட்டு, எடுத்த எட்டணாவைத் திரும்ப உள்ளேயே போட்டாள். ஈசான்யம் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது, "ஒண்ணு," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை பௌர்ணமி நடந்தோமோ, முடிவில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் செய்தி வந்தது. அதே செல்வந்தர் அண்ணாமலையாரைக் கும்பிட எங்கள் ஊருக்கு வருகிறார். வியாபாரிகள் சேர்ந்து வரவேற்புக் குழு போட்டார்கள். அவர் தங்கும் சத்திரத்திலிருந்து கோபுரம் வரை ரோட்டுக்குத் தார் வந்தது. பல வருஷம் எரியாத விளக்குகள் எரிந்தன. அந்தக் கூடுதல் செலவுக்கான தாளும் அவள் ஸ்டென்சிலுக்குத்தான் போனது. அன்று சாயந்திரம் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"அவரு நடந்து போற பாதைக்கு ஊர்ப் பணம் ரெண்டு பொட்டிங்க."

வரவேற்பு மடலை நான் எழுத வேண்டுமென்று குழுத் தலைவர் அச்சகத்துக்கே வந்தார். மஞ்சள் சரிகை போட்ட வழவழத் தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, மேடையில் படித்துக் கையில் கொடுக்க வேண்டும். எட்டுப் பாட்டு. எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் கையில் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு படித்தாள். அவள் எதிரில் நான் பரீட்சை எழுதியவன் மாதிரி நின்றேன்.

"வள்ளலேன்னு ஏழு எடத்துல வருது. வேணும்னு ஒரு எடத்துலயும் வரலியே."

"வரவேற்புல எப்படிக் கேக்கறது?"

"நான் எழுந்து கேட்டா அது பிச்சை. நீங்க படிச்சா அது பாட்டு. கடசிப் பாட்ட எடுத்துட்டுக் கேட்டு எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. அவரு மலை சுத்தற நேரத்துக்கு உண்டானது."

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருஷம் கழித்தும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது:

ஓர் இரவு நீர் உறங்கும் நேரம் போதும்,
இரு மகவு இங்கு மூச்செடுக்கக் கூடும்;
கேட்பதற்கு வாய் கூசும், ஆன போதும்
கேட்கின்றோம் ஒரு பெட்டி, கண்ணாடிப் பெட்டி.

அவள் இரண்டு தடவை படித்தாள். 'வாய் கூசும்' என்பதை எடுக்கச் சொன்னாள். எதுகைக்கு வேண்டும் என்று பொய் சொல்லி வைத்துக்கொண்டேன். குழுத் தலைவர் புரூஃபைப் புரட்டிப் பார்த்து, அழகா இருக்கு கவிஞரே என்று கையெழுத்துப் போட்டார். அவர் தாளின் சரிகையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். எட்டாவது பாட்டும் அச்சாகி, சட்டத்துக்குள் போய்விட்டது.

விழா அன்று அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் வரிசையில் முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, அதற்குள் சென்னைக் கம்பெனியின் விலைத்தாள். செல்வந்தரை நான் அப்போதுதான் நேரில் பார்த்தேன். பத்திரிகைப் படத்தில் இருந்த ஆள் இவரா என்றிருந்தது. ஒல்லியான உடம்பு, வயிற்றுக்கோளாறு போல, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்தார். தமிழ் தெரியாது. பக்கத்தில் காரியதரிசி குனிந்து நான் படிக்கிறதை அவர் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் பாட்டுக்கு நீளமாகச் சொன்னார். நாலாவதற்கு இரண்டு வார்த்தை. ஆறாவதற்குச் சும்மா தலையாட்டினார்.

ஏழாவது பாட்டு 'வாழிய வாழிய' என்று முடியும். எழுதிய என் புத்தியைச் சொல்ல வேண்டும். வாழிய என்று முடித்தால் நம் ஊரில் எந்தச் சபையும் கை தட்டிவிடும், அதுதான் முடிவு என்று எல்லோருக்கும் பழக்கம். தட்டினார்கள். குழுத் தலைவர் எழுந்து பொன்னாடையோடு என்னிடம் வந்துவிட்டார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. செல்வந்தர் இருமினார். பொன்னாடை தோளில் விழுந்தது. நான் சட்டத்தைக் கீழே இறக்கினேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. செல்வந்தர் சட்டத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கண்ணாடிக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். காரியதரிசியிடம் ஏதோ சொன்னார். காரியதரிசி மைக்குக்கு வந்தார்.

"ஊருக்கு ஏதாச்சும் தேவை இருக்கான்னு ஐயா கேக்கறாங்க."

குழுத் தலைவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா வந்ததே எங்க பாக்கியம். எங்களுக்கு ஒண்ணும் வேணாம்."

என்ன ஒரு கைத்தட்டல். ஏழாவது பாட்டுக்குக் கிடைத்ததைவிட ஜாஸ்தி. பெருமையில் பலருக்குக் கண் கலங்கியது. நம்மவர்கள் அப்படித்தான், வீட்டுக்கு வந்தவர் என்ன வேணும் என்று கேட்டால் ஒண்ணும் வேணாம் என்போம், அடுப்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும். மைக்கின் கம்பி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பெண்கள் வரிசையில் அவள் மட்டும் பாதி எழுந்து, கைப்பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னை. நான் பொன்னாடையின் ஓரத்தைச் சரிசெய்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பியது. எட்டாவது பாட்டும் கண்ணாடிக்குள்ளேயே பம்பாய்க்குப் போனது.

வீட்டுக்கு வந்து நான் நிறையப் பேசினேன். தலைவரைச் சொன்னேன், கைத்தட்டலைச் சொன்னேன், செல்வந்தரின் இருமலைக்கூடச் சொன்னேன். அவள் கல்யாணப் புடவையை மடித்து முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மைக்கு உங்ககிட்ட இருந்துச்சுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கணக்குப் போடவில்லை. மலை சுற்றவும் வரவில்லை. மார்கழியில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த பஸ் கண்டக்டரின் மனைவிக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அதே பஞ்சு, அதே குண்டு பல்பு, அதே ரோடு. மதியத்துக்குள் வேன் திரும்பி வந்தது. அவள் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் தெரு முனை வரை போய், அச்சகத்துக்குத் திரும்பிவிட்டேன். அந்த வாரம்தான் அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்தாள். எனக்குத் தெரிந்தது, உத்தரவு வந்த பிறகு.

அந்தப் பெட்டி எங்கள் ஊருக்கும் வந்தது. எண்பதுகளில், அரசாங்கச் செலவில், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, மரச்சட்டம் அடித்து லாரியில். யாரும் மடல் படிக்கவில்லை. கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. உள்ளே ஒரு குழந்தை கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இதை அவளுக்குக் கடிதமாக எழுதினேன். நல்லது என்று ஒரு கார்டு வந்தது. அதற்குள் அவள் வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றுவிட்டிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவள் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிட்டது.

அந்தச் செல்வந்தர் இறந்தபோது சொத்து இன்னும் பல மடங்கு என்று போட்டிருந்தார்கள். பழக்கத்தில் காலண்டர் தாளைத் திருப்பினேன். வகுக்கத் தெரிந்தது. எதால் வகுப்பது என்று தெரியவில்லை.

அவள் வேலையில் சேரப் புறப்பட்ட காலை பஸ் ஸ்டாண்டில் நல்ல பனி. டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். எட்டாவது பாட்டை அங்கேயே, கண்டக்டர் விசிலுக்கு நடுவே, சத்தமாகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முதல் அடி வாயில் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ் உறுமியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள், கோபமில்லாமல், நகத்தோரம் அந்தச் சிவப்பு ஒட்டியிருந்த கையால்.

"பால்காரர் வருவாரு. நாளையில இருந்து கால் லிட்டர் போதும்னு சொல்லிடுங்க," என்றாள். "அதையாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க."